நகலெடுக்க ஆணையிட்ட அரசு: சோவியத் கணினித் துறை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கணினியின் மூளையாக வேலை செய்யும் இன்டெல் 8080 சில்லையும் அதைப் பார்த்து சோவியத் ஒன்றியத்தில் செய்த சில்லையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் நாற்பது கால்கள். எந்தக் காலுக்கு என்ன வேலை என்பதும் ஒன்றே. அமெரிக்கச் சில்லை எடுத்து சோவியத் பலகையில் செருகும்போதுதான் தகராறு தொடங்கும். அமெரிக்கர்கள் இரண்டு கால்களுக்கு நடுவே விட்ட தூரம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவை விதியாகக் கொண்ட நாடு அதை 2.5 ஆக்கிக்கொண்டது. வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர்தான். சின்னச் சில்லுகளில் இது பொருட்டே அல்ல. ஒரு பக்கத்துக்கு இருபது கால், பத்தொன்பது இடைவெளி என்று வரும்போது முக்கால் மில்லிமீட்டர் விலகிவிடும். ஓரத்துக் கால்கள் துளைக்குள் இறங்காது. வளைத்துத்தான் சொருக வேண்டும்.

நகலெடுப்பது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு இந்த முக்கால் மில்லிமீட்டரைக் காட்டலாம். மூலம் ஒரு நாட்டின் அளவுகளுக்குள் பிறந்தது, நகல் இன்னொரு நாட்டின் அளவுகளுக்குள் அடங்க வேண்டும். 1944-ல் சோவியத் தூரக் கிழக்கில் இறங்கிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களைப் பிரித்து துப்பொலேவ் குழு து-4 விமானத்தைச் செய்தபோதும் இதே சிக்கல்தான். அங்குலக் கணக்கில் உருட்டிய அமெரிக்கத் தகட்டின் தடிமனில் சோவியத் ஆலைகளில் தகடு கிடைக்கவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் பொறியாளர்கள் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மூல விமானத்தில் ஒட்டுப் போட்டிருந்த இடத்தையும் சேர்த்தே நகலெடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம் 'ஈயடிச்சான் காப்பி' கதைக்கு அது நெருங்கிய உறவு, நம்பகத்தன்மையும் ஏறக்குறைய அதே அளவுதான். து-4 1947 மே 19 அன்று பறந்தது. அதன் பின்னே இருந்த உழைப்பு புது விமானம் ஒன்றைச் செய்வதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

சொந்த மூளையால் கணினி செய்துகொண்டிருந்த ஒரு நாடு, இருபதே ஆண்டுகளுக்குள் பிறர் கணினியைப் பார்த்துச் செய்ய ஏன் முடிவெடுத்தது? சர்வாதிகாரம் படைப்பாற்றலைக் கொல்லும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த வரியோடு எனக்குச் சண்டை உண்டு. முதல் கணினி பிறந்தது ஸ்டாலின் உயிரோடு இருந்தபோது. நகலெடுக்கும் முடிவு வந்தது, ஒரு கருத்துக்காக யாரையும் சுட்டுக்கொல்லாத காலத்தில். கொடுமையின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மடாலயத்தில் ஒரு கணினி

கீவ் நகரத்துக்கு வெளியே ஃபியோஃபானியா என்ற இடத்தில், பழைய மடாலயக் கட்டடம் ஒன்றில், பொறியாளர் செர்கெய் லெபெதெவின் சிறு குழு அந்த முதல் கணினியைச் செய்தது. ஏறக்குறைய 6,000 வெற்றிடக் குழாய்கள். அவை கக்கிய வெப்பம் தாங்காமல் அறையின் உட்கூரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார்கள். 1950 நவம்பர் 6 அன்று இயந்திரம் முதல் நிரலை ஓட்டியது. 1951 டிசம்பரில் முறையாக வேலைக்கு வந்தது.

அதே காலத்தில் மாஸ்கோவில் பஷீர் ரமேயெவ் இருந்தார். தந்தை 'மக்கள் விரோதி' என்று கைதானதால் கல்வி நிலையத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், பட்டம் இல்லாதவர். அமெரிக்காவின் எனியாக் கணினியைப் பற்றி 1947-ல் பிபிசி வானொலியில் கேட்டதுதான் அவருக்குப் பொறி. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவரும் பொறியாளர் ஐசக் புரூக்கும் எண்முறைக் கணினிக்கு ஒரு கண்டுபிடிப்புச் சான்றிதழ் பெற்றுவிட்டார்கள். வானொலியில் கேட்ட ஒரு செய்தியிலிருந்து வரைபடம் வரை போனது முழுக்க அவர்கள் யோசனை. பார்த்துச் செய்ய அவர்கள் முன்னால் எதுவுமே இல்லை.

அரசின் மனநிலை அப்போது விசித்திரமானது. இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் சைபர்னெடிக்ஸ் 'பிற்போக்குப் போலி அறிவியல்' என்று 1954-ல் வந்த தத்துவ அகராதி ஏசியது. அதே அரசுதான் அணு ஆயுதத்துக்கும் ஏவுகணைக்கும் கணக்குப் போட லெபெதெவின் இயந்திரங்களுக்குப் பணம் கொடுத்தது. ஒரு கை அடிக்க, இன்னொரு கை ஊட்டியது. இரண்டு கைகளும் ஒன்றையொன்று முழுதாக அறியாமல் இருந்தது பொறியாளர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கணினி என்றால் என்ன என்று மேலே யாருக்கும் தெளிவாகத் தெரியாததால் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த இடைவெளியில் முளைத்தவற்றில் எனக்குப் பிடித்தது செதூன். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிகோலாய் புருசென்ட்சோவ் 1958-ல் முடித்த இயந்திரம். உலகமே பூஜ்யம், ஒன்று என்று இரண்டு இலக்கங்களில் எண்ணிக்கொண்டிருக்க, செதூன் −1, 0, +1 என்று மூன்றில் எண்ணியது. எதிர்மறை எண்ணுக்குத் தனிக் குறி வேண்டியதில்லை, இலக்கங்களின் குறியை மாற்றினால் போதும். விலை குறைவு, பழுதும் குறைவு. கசான் ஆலையில் சுமார் ஐம்பது இயந்திரங்கள் செய்தார்கள், 1965-ல் நிறுத்திவிட்டார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மலிவாக இருந்ததே அதற்கு வினையானது என்பதைக் கீழே ஆலைக் கணக்குக்கு வரும்போது பார்க்கலாம்.

லெபெதெவின் பெஸ்ம்-6 அறுபதுகளின் நடுவில் தயாரானது. நொடிக்குப் பத்து லட்சம் செயல்கள். 1968 முதல் 1987 வரை 355 இயந்திரங்கள் வந்தன. இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும் திட்டம் தொடங்கி, வளர்ந்து, மூப்படையும் வரை இந்தச் சொந்தச் சரக்கு ஆலையை விட்டு வந்துகொண்டே இருந்தது.

முடிவு

ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. சிறியதிலிருந்து பெரியது வரை பல கணினிகள், எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி. சிறிய இயந்திரத்தில் எழுதிய நிரல் பெரியதிலும் ஓடும். சோவியத் நாட்டில் அப்போது மீன்ஸ்க், உரால், எம்-20, பெஸ்ம் என்று ஒன்றோடொன்று பேசாத குடும்பங்கள். ஒன்றில் எழுதிய நிரலை இன்னொன்றில் முதலிலிருந்து எழுத வேண்டும். இயந்திரம் வரும், மென்பொருள் வராது. வாங்கிய நிறுவனமே ஆள் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே 1967 டிசம்பரில் கட்சியும் அமைச்சரவையும் ஓர் ஒருங்கிணைந்த கணினி வரிசைக்கு வழிவகுத்தது அறிவுகெட்ட செயல் அல்ல. எதைப் பின்பற்றுவது என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு ஐபிஎம் 360-ஐ அப்படியே எடுத்துக்கொள்வோம், அதற்கென எழுதப்பட்ட மென்பொருள் முழுவதும் நமக்குக் கிடைக்கும் என்றது. அந்த வாதத்துக்கு வலு இருந்தது: 1969 வரை ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கவில்லை, இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்தது. லெபெதெவும் ரமேயெவும் இதை எதிர்த்தார்கள். நகலெடுத்தால் எப்போதும் பின்னால்தான் நிற்போம், பிரிட்டனின் ஐசிஎல் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தால் உரிமத்தோடும் உதவியோடும் சேர்ந்து வளரலாம் என்பது அவர்கள் கட்சி. தோற்றுப்போனார்கள். ரமேயெவ் திட்டத்திலிருந்து விலகினார். லெபெதெவ் 1974-ல் இறந்தார்.

யெஸ் என்று ரஷ்யச் சுருக்கத்தில் அழைக்கப்பட்ட அந்த வரிசையின் முதல் இயந்திரங்கள் 1972-ல் ஆலையை விட்டு வந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஐபிஎம் 370-க்குப் போய்விட்டது. 370-ஐப் பின்பற்றி அடுத்த வரிசை வந்தது, அதற்குள் அவர்கள் இன்னும் தள்ளிப் போயிருந்தார்கள். மொத்தத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட யெஸ் கணினிகள் வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த பெரிய தொழில் முயற்சி அது. ரயில்வேயும் வங்கியும் புள்ளிவிவர அலுவலகமும் அதில்தான் ஓடின. டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, இந்த நகல் முடிவைப் பனிப்போரில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஆகப்பெரிய வெற்றி என்றார். சுவையான பேச்சு. 360-இன் உள்ளமைப்பின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பும் அதில் பாதி. பெஸ்ம் வழியிலேயே போயிருந்தால் மென்பொருள் பஞ்சம் தானாகத் தீர்ந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நகலெடுப்பதே நோய் என்றால் உலகத்தில் தப்பியவர் யாருமில்லை. அமெரிக்காவிலேயே ஆர்சிஏ நிறுவனம் 360-இன் கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டு ஒரு வரிசை விட்டது. மேலே சொன்ன ஐசிஎல் இயந்திரமும் ஆர்சிஏவின் வழி வந்ததுதான். ஃபுஜிட்சுவும் ஹிட்டாச்சியும் ஐபிஎம்முக்கு ஒத்துப்போகும் கணினிகள் செய்துதான் தலையெடுத்தன. 1982-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான காம்பாக், ஐபிஎம் பிசியின் அடிப்படை நிரலை இரண்டு குழு வைத்து நகலெடுத்தது. ஒரு குழு அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது, மூலத்தைக் கண்ணால் காணாத இன்னொரு குழு அதைப் பார்த்துப் புதிதாக எழுதியது. 1986-ல் இன்டெலின் புதிய 386 சில்லோடு வந்த முதல் பெரிய பிசி காம்பாக்குடையது. ஐபிஎம் அடுத்த ஆண்டுதான் வந்தது. நகல் மூலத்தை முந்திப் போனது. யெஸ் வரிசைக்கு அது நடக்கவில்லை. ஏன்?

ஆலை மேலாளரின் கணக்கு

மீன்ஸ்கிலோ கசானிலோ ஓர் ஆலை மேலாளராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு நூறு இயந்திரம் என்று திட்டம். நூறைத் தொட்டால் உங்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஊக்கத்தொகை. தொண்ணூற்றொன்பதில் நின்றால் இல்லை. நூற்றிருபது செய்துவிட்டால் பாராட்டு கிடைக்கும், கூடவே அடுத்த ஆண்டுத் திட்டம் நூற்றிருபதாகும். ஆகவே நூற்று இரண்டோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எல்லா மேலாளர்களுக்கும் இது தெரியும், திட்டம் போடுகிறவர்களுக்கும் தெரியும்.

இப்போது ஓர் இளைஞர் புது வடிவமைப்போடு வருகிறார். அதைச் செய்யக் கருவிகளை மாற்ற வேண்டும், அதற்கு மூன்று மாதம் வரிசை நிற்கும். புது உதிரிப் பாகங்களுக்கு வேறு ஓர் அமைச்சகத்தின் ஆலையைக் கேட்க வேண்டும். அந்த ஆலையின் திட்டத்தில் உங்கள் பாகம் இல்லை, அந்த மேலாளருக்கும் அவருடைய ஊக்கத்தொகை உண்டு. புது வடிவம் வென்றால் அடுத்த ஆண்டு இலக்கு உயரும். தோற்றால் பொறுப்பு உங்கள் தலையில். இளைஞரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைப்பீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

செதூன் கதையை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆலையின் உற்பத்தியை ரூபிளில் கூட்டுகிறார்கள். அதே ஆட்கள், அதே அறை, மலிவான இயந்திரம் என்றால் கூட்டுத்தொகை குறையும். வாங்குபவருக்கு வரமாக இருந்த விலை, செய்பவருக்குத் தண்டனை.

நகலெடுப்பது இந்தக் கணக்கில் இன்னொரு இடத்தில் பொருந்துகிறது, அமைச்சரின் மேசையில். புது வடிவமைப்புக்குக் கையெழுத்திட்டால், நாளை அது படுத்துவிட்டால், 'யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?' என்ற கேள்வி வரும். ஐபிஎம்மின் இயந்திரம் ஏற்கெனவே உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நகல் ஓடவில்லை என்றால் பழி செய்தவன் மேல், தேர்ந்தெடுத்தவன் மேல் அல்ல. தோல்வியின் விலை பதவியாக இருக்கும் இடத்தில், மூலம் என்பது முன்கூட்டியே கட்டிய காப்பீடு. மேலிருந்தவர்களுக்குக் கற்பனை இல்லாததால் நகல் ஜெயித்தது என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குப் பயம் இருந்தது, அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. ராணுவக் கணினிகளைப் பொருளாதாரக் கணக்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்று 1959-ல் குருஷ்சேவுக்கு எழுதிய ராணுவக் கணினி வல்லுநர் அனதோலி கிதோவ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், பதவியையும் இழந்தார். அந்த மாதிரி ஒரு சம்பவம் போதும், நூறு பேர் பாடம் கற்க.

மறுக்க முடிந்தவர்கள்

இந்தக் கணக்கு ஓரிடத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. எல்புரூஸ் என்ற அதிவேகக் கணினி வரிசை லெபெதெவின் மாணவர் புர்ட்சேவ் தலைமையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்தது. அது ஐபிஎம்மின் நகல் அல்ல, ஏவுகணைத் தடுப்புக்காகச் செய்த சொந்த வடிவமைப்பு. அதே நாடு, அதே கட்சி, அதே பள்ளியில் படித்த பொறியாளர்கள். மாறியது வாடிக்கையாளர். சோவியத் ராணுவம் தனக்கு வேலை செய்யும் ஆலைகளில் தன் அதிகாரியை உட்கார வைத்திருந்தது. அவர் கையெழுத்திடாமல் சரக்கு வெளியே போகாது, போகாத சரக்கு திட்டக் கணக்கிலும் ஏறாது. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ அந்தக் கையெழுத்து இல்லை. ஒதுக்கியதை வாங்கிக்கொள்ள வேண்டும், பழுதானால் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் காம்பாக்குக்கும் யெஸ் வரிசைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது என்பது என் கட்சி. காம்பாக்கின் நகலை வாங்க வேண்டாம் என்று கடையில் நிற்கும் யாரும் சொல்லலாம். அதனால் நகலோடு நிற்க முடியாது, மூலத்தைவிட ஏதாவது ஒன்றில் மேலே போயாக வேண்டும். அமெரிக்க அரசும் இதில் சும்மா இருக்கவில்லை. 1969 ஜனவரியில் ஐபிஎம் மேல் ஏகபோக வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஜூனில் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக ஐபிஎம் அறிவித்தது. அதன் பிறகுதான் மென்பொருள் என்று தனியாக ஒரு தொழில் தழைத்தது. ஓர் அரசு தன் நாட்டுப் பெரிய நிறுவனத்தை உடைக்கப் பார்த்த அதே ஆண்டின் டிசம்பரில், இன்னொரு அரசு அதே நிறுவனத்தின் வடிவத்தை ஆறு நாடுகளுக்கு ஒரே வழியாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டிருந்தது. இந்தத் தற்செயலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சோவியத் அரசும் கடைசியில் நோயைக் கண்டுகொண்டது. ராணுவத்தைப் போலவே சாதாரண ஆலைகளிலும் தர அதிகாரிகளை உட்கார வைக்க 1987 தொடக்கத்தில் கோர்பச்சேவ் முயன்றார். ஏராளமான சரக்கு திருப்பி அனுப்பப்பட்டது, திட்டங்கள் சரிந்தன, ஊக்கத்தொகை போனது, ஆலைகளில் முணுமுணுப்பு எழுந்தது. நாளடைவில் முயற்சி கைவிடப்பட்டது.

அதே 1987-ஐ ஒட்டித்தான் அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் தன் சிவாக்ஸ் சில்லின் மேல், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும்படி, ரஷ்ய மொழியில் ஒரு வரி பொறித்தது: சிறந்ததையே திருட வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர்களுக்கு, என்ற பொருளில். சில்லை அடுக்கடுக்காகச் சுரண்டிப் படம் பிடிக்கும் சோவியத் பொறியாளருக்காகப் பொறித்த கிண்டல் அது. அந்த ரஷ்ய வரியே பிழை மலிந்தது. அவர்களும் எங்கிருந்தோ அரைகுறையாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நகலெடுக்கும் உரிமை

ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. நாற்பது கால் சில்லை நகலெடுக்க அமைச்சகம் வைத்திருந்த அரசு, நான்கு பக்கத் தாளை நகலெடுக்கக் குடிமகனை விடவில்லை. நகல் இயந்திரங்கள் பூட்டிய அறைகளில் இருந்தன, ஒவ்வொரு பிரதிக்கும் அனுமதியும் பதிவும் வேண்டும். தடைசெய்யப்பட்ட கவிதைகளைக் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்டார்கள். விளாதிமிர் ஃபிரிட்கின் என்ற இயற்பியலாளர் 1953-லேயே சோவியத் நாட்டின் முதல் ஒளிநகல் இயந்திரத்தைச் செய்தவர். சில ஆண்டுகளில் அதை உடைத்துவிட்டார்கள். அதன் பளபளப்பான தகடு நிறுவனத்தின் பெண்கள் கழிவறையில் முகம் பார்க்கும் கண்ணாடியானது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

புதியது பிறக்காமல் இல்லை. காகிதமும் பென்சிலும் போதும் என்ற இடங்களில் பிறந்துகொண்டே இருந்தது. ஆலையும் அமைச்சகமும் தேவைப்படும் இடத்துக்கு வரும்போது நின்றது. 1974-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினி சதுரங்கப் போட்டியில் வென்றது கைஸ்ஸா என்ற சோவியத் நிரல். அது ஓடியது லெபெதெவ் கூட்டுச் சேரச் சொன்ன ஐசிஎல்லின் இயந்திரத்தில். பியோத்தர் உஃபிம்ட்சேவ் மின்காந்த அலைகள் விளிம்புகளில் சிதறுவதைப் பற்றி 1962-ல் எழுதிய நூல் வெளிப்படையாகவே அச்சானது, ராணுவப் பயன் இல்லை என்று கருதப்பட்டது. அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்தது, ராடாருக்குத் தெரியாத எஃப்-117 விமானத்தின் வடிவத்துக்கு அது அடிப்படையானது.

1984-ல் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் அலெக்சேய் பஜித்னோவ் ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டு எழுதினார். நான்கு கட்டங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும், அடுக்க வேண்டும். அவர் மேசையில் இருந்தது எலெக்ட்ரோனிக்கா 60, அமெரிக்காவின் பிடிபி-11 கணினியைப் பார்த்துச் செய்தது. அதன் திரையில் படம் வராது, எழுத்து மட்டுமே வரும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் திறக்கும் அடைப்புக்குறி ஒன்று, மூடும் அடைப்புக்குறி ஒன்று என்று வைத்து வரைந்தார். திட்டத்தில் இல்லை, ஊக்கத்தொகை இல்லை, எந்த அமைச்சகமும் கேட்கவில்லை. நெகிழ்தட்டுகளில் கைமாறி மாஸ்கோ முழுக்கப் பரவியது. நெகிழ்தட்டுக்கு அப்போது பூட்டிய அறை இன்னும் கட்டப்படவில்லை.

வெளிநாட்டில் டெட்ரிஸ் விற்கத் தொடங்கியதும் எலோர்க் என்ற அரசு ஏற்றுமதி நிறுவனம் உரிமையாளராக வந்து அமர்ந்தது. பஜித்னோவ் பத்து ஆண்டுகளுக்கு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். 1989-ல் நின்டெண்டோவோடு ஒப்பந்தமானது, கோடிக்கணக்கான கைகளுக்கு விளையாட்டு போனது. அவருக்கு உரிமைத்தொகை வரத் தொடங்கியபோது ஆண்டு 1996. அப்போது அவர் அமெரிக்காவில் குடியிருந்தார், உரிமையை வாங்கிய அரசு இல்லாமல் போய் ஐந்தாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.